வேகக்குறைப்பியா, சுற்றிறக்கியா: சிறு வானூர்தி எஞ்சினுக்குச் சில சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மீயிலகு (அல்ட்ராலைட்) வானூர்திக்குப் பெட்ரோல் எஞ்சின் தேர்ந்தெடுப்பது பற்றிய கையேட்டுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே இருந்து சுற்றுகளைக் குறைத்துக் கொடுக்கும் அமைப்புக்கு "வேகக்குறைப்பி" என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. பலரும் இசைவு தெரிவித்துவிட்ட பிறகு இதை எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். அந்தச் சொல்லை ஏற்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

வானூர்தியைப் பற்றிய நூலில் "வேகம்" என்ற சொல்லைக் கண்டதும், வாசிப்பவர் மனத்தில் முதலில் எழுவது பறக்கும் வேகம்தான். "இந்த எஞ்சினோடு வேகக்குறைப்பி சேர்த்தே விற்கப்படுகிறது" என்று எழுதினால், தரையிறங்கும்போது இறக்கைமேல் விரியும் தடுப்புப் பலகையையோ சக்கரத் தடையையோ அவர் நினைத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. "குறைப்பி" என்னும்போது எதையோ இழக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எஞ்சின் வாங்க வந்தவர், எடையும் விலையும் கூடிய ஓர் இணைப்பு எதற்கு, அது இல்லாத எஞ்சினே போதுமே என்று முடிவு செய்ய அந்த ஒரு சொல்லே காரணமாகிவிடலாம்.

உண்மையில் அங்கே நடப்பது என்ன என்பதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். ரோட்டாக்ஸ் 582 என்னும் இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின், நிமிடத்துக்கு 6500 சுற்றில் சுமார் 48 கிலோவாட் திறனைத் தருகிறது. 1.5 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை அதன் கிராங்க் தண்டிலேயே நேராகப் பூட்டினால், அதன் அலகின் (சுழலும் தகட்டின்) நுனி ஒரு சுற்றில் 4.71 மீட்டர் ஓட வேண்டும்; நொடிக்கு ஏறத்தாழ 108 சுற்று என்பதால், நுனியின் வேகம் நொடிக்கு 510 மீட்டரை எட்டும். காற்றில் ஒலியின் வேகமே நொடிக்கு 340 மீட்டர்தான். நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும்போதே அதிர்வலைகள் தோன்றி, எஞ்சின் தரும் திறனில் பெரும்பங்கு இரைச்சலாகவும் இழுவையாகவும் வீணாகிவிடும். அலகுகளும் அந்தச் சுழற்சியின் இழுவிசையைத் தாங்க மாட்டா. இடையில் 2.58 என்ற விகிதமுள்ள கியர்பெட்டியை வைத்தால், புரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 2520 சுற்றே சுழலும். நுனி வேகம் நொடிக்கு 198 மீட்டராக இறங்கிவிடும். அதே வேளையில், கிராங்க் தண்டில் 70 நியூட்டன் மீட்டராக இருந்த முறுக்குவிசை, பல் உராய்வில் போகும் சிறு பங்கைக் கழித்துப் பார்த்தாலும், புரொப்பெல்லர் தண்டில் 180ஐ ஒட்டி வந்து நிற்கிறது. மெதுவாகப் பறக்கும் இலகுவான ஊர்திக்குப் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றி, நிறையக் காற்றை நிதானமாகப் பின்தள்ளுவதே சிக்கனமானது. ஆகவே அந்தப் பெட்டி திறனைக் குறைக்கவில்லை. பயன்படாத வடிவில் இருந்த திறனைப் பயன்படும் வடிவுக்கு மாற்றித் தருகிறது.

இந்தப் பண்பை நம் பள்ளிப் பாடநூல்கள் வேறோர் இடத்தில் அழகாகச் சொல்லி வைத்திருக்கின்றன. மின்னழுத்தத்தைத் தாழ்த்தி மின்னோட்டத்தை உயர்த்தும் கருவிக்கு "இறக்கு மின்மாற்றி" என்று பெயர். அழுத்தம் இறங்குகிறது, ஓட்டம் ஏறுகிறது, திறன் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. எஞ்சினிலும் சுற்று இறங்குகிறது, முறுக்குவிசை ஏறுகிறது, திறன் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த எவருக்கும் "இறக்கு" என்ற வினையின் இந்தப் பொருள் பழக்கமானது என்பதால், சுற்றிறக்கி என்ற சொல்லை முன்மொழிகிறேன். நிமிடச் சுற்று என்று பட்டறைகளிலும் வழங்குவதால் "சுற்று" யாருக்கும் புதிதன்று. 2.58 என்ற எண்ணை "இறக்கு விகிதம்" எனலாம். சுற்றிறக்கி இல்லாமல் புரொப்பெல்லர் நேரே பூட்டப்படும் எஞ்சினை "நேரிணைப்பு எஞ்சின்" எனலாம். 3300 சுற்றில் சுமார் 80 குதிரைத்திறன் தரும் ஜபிரு 2200 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொள்ளளவு பெரிதாக இருப்பதால் குறைந்த சுற்றிலேயே அது தேவையான திறனைத் தந்துவிடுகிறது, அதே 1.5 மீட்டர் புரொப்பெல்லரின் நுனி அதில் நொடிக்கு 259 மீட்டரில் நிற்கிறது.

"கியர்பெட்டி" என்றே விட்டுவிடலாமே என்ற கருத்தும் இங்கே வந்தது. எல்லாச் சுற்றிறக்கியிலும் கியர் இல்லை. முதுகில் மாட்டிப் பறக்கும் பாராமோட்டார்கள் பலவற்றிலும் சில மீயிலகு ஊர்திகளிலும் சிறிய புல்லி, பெரிய புல்லி, அவற்றைச் சுற்றிய பெல்ட், இவை மட்டுமே இருக்கும். 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது, சுமார் 12 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து இரண்டு புரொப்பெல்லர்களையும் சங்கிலியால்தான் சுழற்றினார்கள். சுற்றுகளைத் தாழ்த்தியதும் அந்தச் சங்கிலியின் பற்சக்கரங்களே. பல், பட்டை, சங்கிலி மூன்றையும் ஒரு பெயர் தழுவ வேண்டும் என்றால், அது கருவியின் உறுப்பைச் சொல்லாமல் செயலைச் சொல்ல வேண்டும்.

முதலில் நானே "சுற்றுத்தணிப்பி" என்று எழுதி வைத்திருந்தேன். தணிதல் என்பது மிகுதி நீங்கித் தக்க அளவுக்கு வருவது என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு சிலிண்டர் இருவீச்சு எஞ்சினின் தண்டு சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஓர் உதை கொடுக்கிறது. அந்த உதை பற்களைச் சிதைக்காமல் இருக்க, கியர்பெட்டியோடு சேர்த்து ரப்பராலோ வில்லாலோ ஆன அதிர்வுத் தணிப்பி ஒன்றும் வைக்கப்படுகிறது. இரண்டு தணிப்பிகள் ஒரே இடத்தில் வந்தால் பழுது பார்ப்பவர் எதைக் கழற்றுவார் என்று எண்ணிப் பார்த்து அதைக் கைவிட்டேன். "எஞ்சினை இறக்குவது" என்றால் ஊர்தியிலிருந்து கழற்றி எடுப்பது என்று பட்டறையில் பொருள்படுமே என்ற கேள்வி எழலாம். அங்கே இறக்கப்படுவது எஞ்சின், இங்கே இறக்கப்படுவது சுற்று. முன்னொட்டே வேற்றுமையைக் காட்டிவிடுவதால் குழப்பம் நேராது.

இனி மற்றச் சொற்கள். "எஞ்சின்" அப்படியே இருக்கட்டும். "பொறி" என்று மாற்றினால், சிலிண்டர் தலையில் தீப்பொறி தரும் பிளக்கைப் பற்றி எழுதும் பத்தியில் எந்தப் பொறி எதைக் குறிக்கிறது என்றே தெரியாமல் போகும். "இருவீச்சு", "நால்வீச்சு" என்பவை தொழிற்கல்வி நூல்களில் வேரூன்றியவை. அலையியலில் வீச்சுக்கு வேறு பொருள் இருப்பது இங்கே இடையூறாகாது. "மீயிலகு" என்பதும் "மீயொலி" போல இயல்பாக நிற்கிறது.

எஞ்சினைப் பிரித்து, தேய்மானத்தை அளந்து, உறுப்புகளை மாற்றிப் பூட்ட வேண்டிய கால அளவுக்கு "ஆயுட்காலம்" என்று பட்டியலில் உள்ளதை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். ரோட்டாக்ஸ் 582க்குத் தயாரிப்பாளர் தரும் அளவு 300 மணி. அதே நிறுவனத்தின் நால்வீச்சு 912 வகைக்கு இப்போது 2000 மணி. இவற்றை ஆயுள் என்று படிப்பவர், 300 மணி முடிந்ததும் எஞ்சினைத் தூக்கி எறிய வேண்டும் என்றோ, 2000 மணி வரை திறந்தே பார்க்க வேண்டாம் என்றோ எண்ணிவிடுவார். இரண்டும் தவறு, இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது. "பிரிப்புமணி" என்ற மாற்றுச் சொல் கேட்க நன்றாக இருந்தாலும் பொருந்தாது. ஏனெனில் 582க்கு 300 மணி அல்லது 5 ஆண்டு, எது முந்துகிறதோ அதுவே எல்லை. ஆண்டுக்கு 20 மணி மட்டும் பறப்பவருக்கு ஆண்டுக் கணக்குதான் முந்தும். "எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பது" என்று மெக்கானிக்குகள் சொல்வதையே அடியாகக் கொண்டு "முழுப்பிரிப்பு இடைவெளி" என்று வைக்கலாம்.

கடைசியாக ஒரு சொல். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி நின்றுவிடும் பழுதுக்கு "இறுகல்" என்று பட்டியலில் உள்ளது. இறுகுவது படிப்படியாக நடப்பது. இது நொடியில் நடப்பது. அப்படி நின்றுபோன ஓர் எஞ்சினின் பிஸ்டனைப் பட்டறையில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் நான்கு இடங்களில், ஏறத்தாழ ஒரே இடைவெளியில், மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது போன்ற தடங்கள் இருந்தன. அலுமினியம் உருகி இழுபட்டு மங்கலாகப் படிந்திருந்தது. ஒரு வளையம் தன் பள்ளத்திலேயே அமுங்கிக் கிடந்தது. "குளிர்ந்த எஞ்சினுக்கு முழு ஆக்சிலேட்டர் கொடுத்துவிட்டார்கள், பிஸ்டன் முந்தி விரிந்துவிட்டது, சிலிண்டர் கவ்விக்கொண்டது" என்றார் அதைப் பிரித்த பெரியவர். அவர் வாயில் இயல்பாக வந்த அந்த வினையைவிடப் பொருத்தமான சொல்லை நாம் உண்டாக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனவே "கவ்வல்", மேலே சொன்ன வகைக்குக் "குளிர்க்கவ்வல்". பெட்ரோலோடு கலந்த எண்ணெயே இருவீச்சு எஞ்சினுக்கு உயவு என்பதால், எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கலவையில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் சேர்ந்தே குறைந்து, வெப்பமும் ஏறிக் கவ்வல் நேரும். அதை "வறட்சிக்கவ்வல்" எனலாமா என்பதில் மட்டும் எனக்கு முடிவான கருத்து இல்லை. உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

இந்தச் சொற்களை இட்டுக் கையேட்டின் ஒரு பத்தியைத் திருத்திப் பார்த்தேன்: "எடை குறைவு என்பதற்காக இருவீச்சு எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவர், சுற்றிறக்கியின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும், இறக்கு விகிதம் புரொப்பெல்லரின் விட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், முழுப்பிரிப்பு இடைவெளி குறுகியது என்பதால் அதற்கான செலவையும், கவ்வல் நேர்ந்து எஞ்சின் நின்றால் இறங்குவதற்கான வெளியையும் எப்போதும் கருத்தில் வைத்திருக்க வேண்டும்." எஞ்சின் வேலை தெரிந்த, ஆனால் வானூர்தியை அருகில் பார்த்தேயிராத ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். சுற்றிறக்கி என்ற இடத்தில் அவர் நிறுத்தவில்லை, "பெல்ட்டா, கியரா?" என்று மட்டும் கேட்டார்.

அன்புடன்.