தரம் 5, 6 பிள்ளைகளுக்கு வீட்டில் விஞ்ஞானம் கற்பிப்பது எப்படி?

ஹட்டன் தாய்:
என் பிள்ளைகள் இருவரும் பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் ஏன், எப்படி என்று கேட்பதில்லை. பணம் செலவழித்துக் கருவிகள் வாங்காமல், தோட்டத்து வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனைகள் இருந்தால் தயவுசெய்து கூறுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சகோதரி, தேயிலைக் கொழுந்திலிருந்தே தொடங்குங்கள். ஒரு கொழுந்தை அப்படியே உள்ளங்கைகளுக்கிடையே நன்றாகக் கசக்கி வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்றை நீங்கள் இரண்டு நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் கசக்கக் கொடுங்கள். முதலாவது, கசங்கிய ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லச் செம்பு நிறமாக மாறும். வேகவைத்தது பச்சையாகவே இருக்கும். இலையின் கலங்கள் உடையும்போது நொதியங்கள், அதாவது இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள், வளியிலுள்ள ஒட்சிசனின் உதவியுடன் இலையில் இயற்கையாகவே உள்ள பொலிபீனோல்கள் என்ற இரசாயனப் பொருட்களைச் செம்பு நிறப் பொருட்களாக மாற்றுகின்றன. வெப்பம் அந்த நொதியங்களைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. கறுப்புத் தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். விளக்கத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள்; என்ன நடக்கும் என்று பிள்ளைகளே ஊகித்து எழுதட்டும்.

நுவரெலியா வாசகி:
ஆசிரியர் ஐயா கூறியதை நானும் வழிமொழிகிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், வளிமண்டல அமுக்கம் குறைந்து, இங்கே தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதிக்கிறது. கொழும்பை விட இங்கே பருப்பு அவியத் தாமதமாவது ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கொதிநீரை அளக்கக் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை மட்டும் பயன்படுத்த வேண்டாம், அது உடைந்துவிடும்.

ஹட்டன் தாய்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை கொழுந்துப் பரிசோதனையைச் செய்கிறோம்.