6 டிபி ஸ்கேன் டேட்டாவுக்கு பேக்கப் எப்படி வைக்க?

பாளை_சிஸ்டம்:
அண்ணாச்சிமாரே, இங்க பாளையங்கோட்டையில ஒரு ஸ்கேன் சென்டர்ல கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நான்தான் பாக்கேன். சிடி, எம்ஆர்ஐ படம் எல்லாம் சேந்து இப்ப 6 டிபி, மாசம் 250 ஜிபி கூடிக்கிட்டே போவுது. நெட்வொர்க்ல மாட்டின, நாலு டிஸ்க் போட்ட ஸ்டோரேஜ் பெட்டி (நாஸ்) ஒண்ணு இருக்கு, ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கிற ரெய்டு 5 முறை, அதுபோக ஞாயித்துக்கிழமை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல முழுசா காப்பி போட்டு முதலாளி டேபிள் டிராயர்ல வைக்கேன், காலைல ஆரம்பிச்சா திங்கக்கிழமை விடிஞ்சிருது. ரெய்டு இருக்குல்லா பெறவு எதுக்குவே செலவுங்காரு. பேக்கப்புக்கு காந்த டேப் வாங்கவா, கிளவுடுக்குப் போவவா? அப்லோடு 50 எம்பிபிஎஸ்தான்.

ஜங்ஷன்_சர்வர்:
ரெய்டு பேக்கப்பே கிடையாது. ஒரு டிஸ்க் போனா வேலை நிக்காது, அவ்ளோதான், தெரியாம டெலிட் பண்ணினா நாலு டிஸ்க்லயும் சேந்துதான் அழியும். அந்த டிராயர் சங்கதிதான் எனக்கு பயமாயிருக்கு. 2023 டிசம்பர் மழைல வண்ணார்பேட்டையில எங்க ஆபீஸ் கீழ்தளத்துல சர்வர், பக்கத்து பீரோவுல பேக்கப் டிஸ்க், தாமிரபரணி உள்ள வந்து ரெண்டையும் சேத்து முக்கிட்டு போயிட்டு. பெட்டியக் கவுத்தா சேறா வடியுது. பீரோவுக்கு பூட்டு வேற போட்டிருந்தோம் கேட்டியளா.

அம்பை_ஆளு:
ஸ்கேன் படம் ஒருதடவ எழுதினா பெறவு மாறாது, பழைய வருஷத்துப் படத்தையே எதுக்கு வாராவாரம் காப்பி அடிக்கிய? கிளவுடுக்கு புதுசு மட்டும் போனா போதும், நாளைக்கு 8 ஜிபி சொச்சம், உங்க லைன்ல அரைமணிக்குள்ள ஏறிரும். மொதத் தடவ 6 டிபிதான் வில்லங்கம், ராப்பகலா ஓட்டினாலும் 11 நாள் ஆவும், அதனால புதுசுல இருந்து பின்னோக்கி ஏத்துங்க, பாதில நின்னாலும் டாக்டர் கேக்கப்போற படம் மேல போயிருக்கும். எந்தப் படம் யாருதுன்னு குறிச்சு வச்சிருக்க டேட்டாபேஸ் தனிக்கதை. சின்னதுதான், ஆனா அது போச்சுன்னா ஃபைல் ஃபைலா திறந்து எது யாருதுன்னு திரும்பக் கட்டணும். மணிக்கொருக்கா டம்ப் (டேட்டாபேஸே எழுதித் தர்ற முழு நகல்) எடுங்க, ஓடிக்கிட்டிருக்கும்போது ஃபைலை அப்படியே காப்பி அடிச்சா பெறவு திறக்குமான்னு சொல்ல முடியாது. டேப்பு வேண்டாம், எல்டிஓ-9 வகை டேப்பு ஒண்ணு 18 டிபி கொள்ளும் சரிதான், டிரைவ் விலையக் கேட்டா உங்க முதலாளி மயங்கிருவாரு.

பாளை_சிஸ்டம்:
ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேக்குற ரான்சம்வேர் வந்தா கிளவுட்ல உள்ளதையும் அழிச்சிருமே?

ஜங்ஷன்_சர்வர்:
கிளவுட்ல ஆப்ஜெக்ட் லாக் போடுங்க, குறிச்ச நாள் வரைக்கும் அழிக்க விடாத பூட்டு அது, 30 நாள்னு வச்சா அட்மின் பாஸ்வேர்டு போனாலும் அழிக்க முடியாது, ஆனா கம்ப்ளையன்ஸ் மோடுன்னு பாத்துப் போடுங்க, இன்னொரு மோடுல அட்மினால தளத்த முடியும். எக்ஸ்டர்னல சொருகியே வைக்காதிய. அதுசரி, டிராயர் டிஸ்க்ல இருந்து என்னைக்காவது ரீஸ்டோர் பண்ணிப் பாத்தியளா? 2017-ல கிட்லேப்னு புரோகிராம் கோடு சேமிக்கிற சைட்டுக்காரங்க அஞ்சு வகை பேக்கப் வச்சிருந்தும் ஒண்ணும் கைகொடுக்கல, ஆறு மணி நேரத்துக்கு முந்தி வேற வேலைக்கு எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) காப்பாத்திச்சு.

பாளை_சிஸ்டம்:
இப்பத்தான் பாத்தேன். போன மாச எம்ஆர்ஐ ஒண்ணு, 640 படத்துல 212 திறக்குது, மிச்சம் எல்லாம் ஜீரோ கேபி. முதலாளிய சிஸ்டம் ரூமுக்கு வரச் சொல்லிருக்கேன்.