கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, பப்ஜி மொபைல் ரெண்டுக்கும்: 7.1 ஹெட்செட்டா, ஓப்பன் பேக்கா, இயர்போனா?

தாம்வே_ரேங்க் எழுதியது:
அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு முடிவு சொல்லுங்க. பகல்ல பிசியில கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, ராத்திரி போன்ல பப்ஜி. ரெண்டும் ரேங்க் ஆட்டம். ரங்கூன்ல மெயின் ரோட்டு வீடு. கரண்ட் போனா கீழ்க்கடை ஜெனரேட்டர் ஓடும், நம்ம பிசி இன்வெர்ட்டர்ல ஓடும். கண்ணாடி போடுறவன். பார்த்து வச்சிருக்கிறது ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 (7.1 போட்ட மூடின ஹெட்செட்), சென்ஹைசர் எச்டி 560எஸ் (கப்போட பின்பக்கம் திறந்திருக்கிற ஓப்பன் பேக்), இல்லேன்னா 20 டாலர் பக்கத்துல ஒரு இயர்போன். 7.1 (சுத்தி எட்டு ஸ்பீக்கர் வச்ச மாதிரி கேட்க வைக்கிற வசதி) இருந்தாத்தான் பின்னால வர்றவன் காலடி கேட்கும்ங்கிறாங்க. உண்மையா?

பகோ_ஓப்பன்பேக் எழுதியது:
7.1ங்கிற அட்டையைப் பார்த்துக் காசு கொடுக்காதீங்க தம்பி. நமக்குக் காது ரெண்டுதான். சத்தம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் அதிகபட்சம் 0.6, 0.7 மில்லி செகண்ட் வித்தியாசத்துல வந்து சேருது. ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழ மூளை இந்த நேர வித்தியாசத்தை வச்சு இடம், வலம் பிரிக்குது. அதுக்கு மேல, தலை மறைக்கிறதால ஒரு பக்கம் குறையுற சத்த அளவை வச்சுப் பிரிக்குது. முன்னால, பின்னால, மேல, கீழங்கிறது பெரும்பாலும் காது மடல் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல போடுற மேடு பள்ளத்துல இருந்து வருது. இதையெல்லாம் கணக்காக்கி ரெண்டு சேனல்ல கொடுக்கிறதுக்குத்தான் ஹெச்ஆர்டிஎஃப்னு பேர். கவுன்டர்-ஸ்ட்ரைக்ல அது 2016-லயே வந்துருச்சு. கேமே அந்த வேலையைச் செஞ்சு கொடுக்குது.

அதுக்கு மேல ஹெட்செட்டோட 7.1 பட்டனையும் அழுத்தினா, ஒரு தடவை மடல் வழியா வந்த மாதிரி செஞ்ச சத்தத்தை இன்னொரு தடவை மடல் வழியா அனுப்புற மாதிரி ஆகும். மேடு பள்ளம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து முன்பின் குழம்பும், காலடியில எதிரொலி ஏறும். கிளவுட் 2 வாங்கினாலும் அந்த யூஎஸ்பி பெட்டியில 7.1 விளக்கு அணைஞ்சிருக்கணும். விண்டோஸ்ல ஸ்பேஷியல் சவுண்ட் ஆஃப்ல இருக்கணும். பப்ஜிக்கும் போன்ல இருக்கிற டால்பி மாதிரி வசதிகளை அணைச்சுட்டே ஆடுங்க.

ஆக, நல்ல ஸ்டீரியோ போதும். அதுல இடது வலது டிரைவர் (கப்புக்குள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கர்) ஒண்ணுக்கொண்ணு பொருந்தி இருக்கிறதுல எச்டி 560எஸ் பக்கத்துல கிளவுட் 2 நிக்காது. பாஸ் (கீழ் அலைவரிசைச் சத்தம்) வீங்காது, அதனால வெடிச் சத்தத்துக்கு நடுவுலயும் காலடி மூழ்காது.

மோல்மீன்_மூடிகாது எழுதியது:
அண்ணன் சொன்ன ஹெச்ஆர்டிஎஃப் கணக்குல எனக்கு மறுப்பு இல்லை. ஆனா கேள்வியைப் பாதிதான் படிச்சிருக்கார். தம்பி வீட்டுக்குக் கீழ ஜெனரேட்டர் ஓடுது. ஓப்பன் பேக்னா வெளிச்சத்தம் அப்படியே உள்ள வரும், தடுப்புன்னு ஒண்ணு கிடையாது. அறையில 60 டெசிபெல் இரைச்சல்னா காதுக்கும் கிட்டத்தட்ட 60-தான். தூரத்துக் காலடி அதுக்குக் கீழ இருந்தா, டிரைவர் எவ்வளவு சுத்தமா இருந்து என்ன பண்ண? வால்யூமைத்தான் ஏத்துவீங்க. ஏத்தினா ஏகே துப்பாக்கி வெடிக்கிறப்போ காது போகும்.

பெரியவங்களுக்கு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம்தான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு. 3 டெசிபெல் கூடினா நேரம் பாதி. 86-ல 10 மணி நேரம். ரேங்க் ஆடுறவங்க அதை ரெண்டு நாள்ல முடிச்சிருவாங்க. மூடின ஹெட்செட்டே சரி.

பகோ_ஓப்பன்பேக் எழுதியது:
மூடின கப் ஜெனரேட்டரைத் தடுக்கும்னு நம்புறதுதான் தப்பு. 50 ஹெர்ட்ஸ் கொடுக்கிற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 3000 சுத்து ஓடும். ஒத்தை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக்னா ரெண்டு சுத்துக்கு ஒரு வெடி. அதாவது 25 ஹெர்ட்ஸ், அப்புறம் 50, 75, 100ன்னு மடங்கு மடங்கா. ஹெட்செட் மெத்தை 1000 ஹெர்ட்ஸ் பக்கம் 10, 15 டெசிபெல் குறைக்கலாம். 200-க்குக் கீழ ஒண்ணும் பெருசா குறைக்காது. அதுலயும் தம்பி கண்ணாடி போடுறவர். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விட்டா கொஞ்சநஞ்சமும் போச்சு, ஹெட்செட்டோட சொந்த பாஸும் கசியும்.

மோல்மீன்_மூடிகாது எழுதியது:
25 ஹெர்ட்ஸ் கணக்கு சரி. ஆனா ஜெனரேட்டர்னா உறுமல் மட்டும் இல்லை. சைலன்சர் படபடப்பு, தகரக் கூடு அதிர்றது எல்லாம் காலடி இருக்கிற நடு அலைவரிசையிலயே வந்து உட்காரும். அதைத்தான் கப் குறைக்குது. இன்னொண்ணு, கீழ் அலைவரிசைச் சத்தம் பலமா இருந்தா தனக்கு மேல உள்ளதையும் மூடும். மேலே உள்ளது கீழ உள்ளதை அந்த அளவுக்கு மூடாது. காது அப்படித்தான் வேலை செய்யுது. அதனால ஓப்பன் பேக்குக்கு ரெட்டை நஷ்டம். கண்ணாடிக்கு, கிளவுட் 2 பெட்டிக்குள்ளயே வெல்வெட் மெத்தை ஒரு ஜோடி தனியா வரும். காம்பைச் சுத்தி நல்லாப் படியும். பிளாஸ்டிக் தோல் மெத்தை நம்ம மழைக்கால ஈரப்பதத்துல உரிஞ்சு செதில் செதிலா விழும், அதுக்கும் இதுவே மருந்து. பாஸ் கொஞ்சம் இறங்கும். காலடி கேட்கிறவருக்கு அது நல்லதுதான்.

தட்டோன்_செல்வி எழுதியது:
ரெண்டு அண்ணனும் இயர்போனை விட்டுட்டீங்களே. தம்பி கேட்ட மூணாவதுதான் இந்த வீட்டுக்குச் சரி. மூண்டிராப் சூ மாதிரி காதுக்குள்ள போற ஐஇஎம், ஃபோம் டிப்போட (காதை அடைக்கிற நுரை முனை). சரியா அடைச்சா நடு அலைவரிசையில 25 டெசிபெல் பக்கம் வெளிச்சத்தம் குறையும், கீழேயும் கப்பை விட நல்லாவே குறையும். கண்ணாடிக் காம்பு குறுக்கே வராது. காது வேர்க்காது. பிசிக்கும் போனுக்கும் ஒரே சாமான்.

ஆனா போடுற விதம் முக்கியம். ஃபோமை ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டி ஒல்லியாக்கணும். மறு கையைத் தலைக்குப் பின்னால கொண்டுவந்து காது மடலை மேலயும் பின்னயும் இழுத்து, டிப்பை உள்ள விட்டு, 20, 30 செகண்ட் விரலை எடுக்காம பிடிச்சிருக்கணும். ஃபோம் விரியுறப்போ தெருச் சத்தம் மெல்ல இறங்கும். அது இறங்கலைன்னா அடைக்கலைன்னு அர்த்தம். டிப் சைஸை மாத்துங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ்தான்னு கட்டாயம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் சரியா அடைக்காம இருந்தா அந்தப் பக்க பாஸ் போயிடும், நடுவுல நிக்கிறவன் ஒரு பக்கம் சாய்ஞ்சு கேட்பான். பல பேர் இதைக் கேமோட குத்தம்னு நினைச்சுத் திட்டுறாங்க.

ஃபோம் சில மாசத்துல விறைக்கும், மாத்தணும். முனை வலையில மெழுகு அடைச்சா ஒரு காது மந்தமாகும், உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால கீழ்நோக்கிப் பிடிச்சுத் தட்டணும். மழைக்காலத்துல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவுல வையுங்க.

பகோ_ஓப்பன்பேக் எழுதியது:
தங்கச்சி, ஐஇஎம் காது மடலையே தாண்டிப் போகுது. முன்பின் அடையாளம் மடல்லதானே இருக்கு?

தட்டோன்_செல்வி எழுதியது:
மடலோட அடையாளத்தைக் கேம் ஏற்கெனவே போட்டுத்தான் அனுப்புதுன்னு முதல் பதிவுல நீங்களே சொன்னீங்கண்ணே. ஹெட்போன்னா அதுக்கு மேல உங்க சொந்த மடலும் பக்கவாட்டுல இருந்து ஒரு தடவை சேர்க்குது. 7.1-க்கு நீங்க சொன்ன ரெட்டை வேலையோட சின்ன வடிவம் அது. ஐஇஎம்ல அது இல்லை. தலைக்கு வெளிய விரிஞ்சு கேட்கிற உணர்வு ஓப்பன் பேக்ல கூடுதல்தான், ஒத்துக்கிறேன். ஆனா விரிஞ்சு கேட்கிறதும் துல்லியமா திசை தெரியுறதும் வேற வேற.

பகோ_ஓப்பன்பேக் எழுதியது:
அந்தப் பாயின்ட்டை ஏத்துக்கிறேன். ஆனாலும் மூணு மணி நேரம் காதுக்குள்ள அழுத்தம் எல்லாருக்கும் ஒத்துக்காது. அமைதியான அறைன்னா என் பதில் இன்னும் ஓப்பன் பேக்தான்.

லெடான்_ஓம் எழுதியது:
யாரும் கரண்ட் கணக்குப் போடலையே. எச்டி 560எஸ் 120 ஓம் (மின்தடை), ஆனா 1 வோல்ட்டுக்கு 110 டெசிபெல் கொடுக்கும். அரை வோல்ட் கொடுக்கிற போன்லயே 104 வரும், தாராளம். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம் அப்படி இல்லை. அது 1 மில்லிவாட்டுக்கு 96. 250 ஓம்ல 1 மில்லிவாட்னா அரை வோல்ட். அப்போ அதே போன்ல உச்சமே 96-தான். கேம் சத்தத்துல உச்சத்துக்கும் காலடிக்கும் 40 டெசிபெல் இடைவெளி சாதாரணம், காலடி 56-ல நிக்கும். ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குற கருவி) இல்லாம அதைத் தொடாதீங்க. ஓம் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீங்க, சென்சிட்டிவிட்டியையும் (கொடுக்கிற கரண்டுக்கு எவ்வளவு சத்தம் வரும்ங்கிறது) சேர்த்துப் பாருங்க.

போன்ல 3.5 மிமீ ஓட்டை இல்லேன்னா யூஎஸ்பி-சி டாங்கிள் (அந்த ஓட்டையைக் கொடுக்கிற குட்டி வயர்) வேணும். ஆப்பிள் டாங்கிள் நல்ல சாமான், ஆனா பல ஆண்ட்ராய்டு போன்ல சத்தம் அமுங்கி வரும். கடையிலயே உங்க போன்ல சொருகிப் பார்த்து வாங்குங்க.

மைக்குக்கு: பிசியில பச்சை (ஹெட்போன்), ரோஸ் (மைக்)னு ரெண்டு ஓட்டை இருந்தா, ரெண்டும் சேர்ந்த நாலு வளைய பிளக்கை நேரா சொருகாதீங்க. ஒய் பிரிப்பான் வேணும், இல்லேன்னா மைக் எடுக்காது. பிளக் முழுசா இறங்காம தரை வளையம் தொடாமப் போனா இடமும் வலமும் ஒண்ணையொண்ணு கழிச்சு, நடுவுல இருக்கிற குரல் மறைஞ்சு, கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேட்கும். ஹெட்செட் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, அழுத்திச் சொருகுங்க. எச்டி 560எஸ்-ல மைக்கே கிடையாது, 3 மீட்டர் வயர், முனையில 6.3 மிமீ பிளக். 3.5 மிமீக்கு மாத்துற முனை கூட வரும், ஆனா போன்ல தொங்கவிட முடியாது.

தாம்வே_ரேங்க் எழுதியது:
நன்றி அண்ணே. பப்ஜிக்கு மட்டும் புளூடூத் இயர்பட் வச்சுக்கலாமா? அப்புறம் இன்வெர்ட்டர்ல ஓடுறப்போ இப்ப இருக்கிற பழைய ஹெட்செட்ல ஒரு 'ங்ங்'னு இரைச்சல் வருது. புதுசு வாங்கினா போயிடுமா?

மோல்மீன்_மூடிகாது எழுதியது:
புளூடூத் வேணாம். சாதாரண எஸ்பிசி கோடெக்ல (சத்தத்தைச் சுருக்கி அனுப்புற முறை) 150-லிருந்து 250 மில்லி செகண்ட் தாமதம். அவன் சுட்டு முடிச்ச பிறகுதான் உங்களுக்கு அடியெடுத்து வச்ச சத்தம் வரும். அதைவிடக் கொடுமை, மைக்கை ஆன் பண்ணினதும் பல இயர்பட் போன் பேசுற முறைக்கு மாறி, ரெண்டு காதுக்கும் ஒரே மோனோ சத்தம் கொடுக்கும். அப்போ திசையே கிடையாது. வயர் இல்லாமத்தான் வேணும்னா பிசியில சொருகுற குட்டி ரிசீவர் டாங்கிளோட வர்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட். அந்த டாங்கிளை நீல யூஎஸ்பி 3 ஓட்டையில சொருகினா, யூஎஸ்பி 3 இரைச்சல் அதே 2.4 பட்டையில விழுந்து சத்தம் வெட்டும். யூஎஸ்பி 2 ஓட்டையில, முடிஞ்சா ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மேசைக்கு மேல வையுங்க.

லெடான்_ஓம் எழுதியது:
இரைச்சல் ஹெட்செட்டோடது இல்லை தம்பி, புதுசு வாங்கினாலும் வரும். ஐஇஎம் சென்சிட்டிவிட்டி கூடுன சாமான், இன்னும் தெளிவாக் கேட்கும். முதல்ல கேபினெட் முன்பக்க ஓட்டையை விட்டுட்டு பின்பக்க மதர்போர்டு ஓட்டையில சொருகுங்க. முன்பக்க வயர் கிராபிக்ஸ் கார்டை ஒட்டிப் போறதால அதோட இரைச்சலை வாங்கும், மவுஸை ஆட்டினா இரைச்சல் மாறும். அது போகலைன்னா மானிட்டர் வயர், போன் சார்ஜர்னு ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டினதும் நிக்குதோ அதுதான் வழி. இன்வெர்ட்டர்ல மட்டும் வருதுன்னா உங்களது சுத்தமான சைன் அலை கொடுக்காத வகையா இருக்கலாம். சின்ன யூஎஸ்பி டாக் (வெளியில மாட்டுற குட்டி சவுண்ட் கார்டு) போட்டா பல நேரம் தீரும், தரை வயர் வழியா வந்தா அதுலயும் தீராது. வாங்குறதுக்கு முன்னால யாருடையதையாவது இரவல் வாங்கி இன்வெர்ட்டர் ஓடுறப்போ சொருகிப் பாருங்க.

பகோ_ஓப்பன்பேக் எழுதியது:
ஒண்ணு விட்டுப்போச்சு. விண்டோஸ்ல லவுட்னஸ் ஈக்வலைசேஷனைப் போடச் சொல்லி யாராவது சொல்வாங்க. சின்னச் சத்தத்தைத் தூக்கும், உண்மை. ஆனா தூரத்துக் காலடியையும் பக்கத்துக் காலடியையும் ஒரே அளவாக்கிடும். திசை தெரியும், தூரம் தெரியாது. போடாதீங்க.

மோல்மீன்_மூடிகாது எழுதியது:
ஜெனரேட்டர் ஓடுற நேரத்துல போடலாம்ங்கிறது என் கட்சி. கேட்காத காலடிக்குத் தூரம் தெரிஞ்சு என்ன? அமைதியான நேரத்துல அணைங்க.

தாம்வே_ரேங்க் எழுதியது:
சரி. ஐஇஎம், ஃபோம் டிப், மேசையில ஒரு சின்ன மைக், இரவல் டாக் வச்சு இரைச்சல் சோதனை. கிளவுட் 2 நண்பர்கிட்ட இருக்கு, ஒரு நாள் வாங்கிக்கலாம். ரெண்டையும் எப்படி ஒப்பிடுறது?

தட்டோன்_செல்வி எழுதியது:
நண்பரைத் தனி லாபியில கூப்பிட்டு உங்களைச் சுத்தி நடக்கச் சொல்லுங்க. கண்ணை மூடி, சத்தம் வர்ற பக்கம் மவுஸைத் திருப்பி, கண்ணைத் திறங்க. ஒவ்வொரு சாமானுக்கும் 20 தடவை. குறி ஆள்மேல நின்னது எத்தனை, பக்கத்துல எத்தனை, முன்பின் தலைகீழா எத்தனைன்னு மூணு கட்டம் போட்டுக் கோடு கிழிங்க. வால்யூம் ரெண்டுக்கும் காதுக்கு ஒரே அளவா இருக்கட்டும், கூடுதல் சத்தம் வர்றது எப்பவும் நல்லா இருக்கிற மாதிரி ஏமாத்தும். கீழ்க்கடை ஜெனரேட்டர் ஓடுறப்போ ஒரு தடவை, நின்ன பிறகு ஒரு தடவை.

பகோ_ஓப்பன்பேக் எழுதியது:
அந்தக் கோடு கிழிச்ச தாளை இங்கே போடுங்க தம்பி. நின்ன பிறகு எடுத்த கணக்கை எச்டி 560எஸ்-லயும் எடுத்தா இன்னும் நல்லது.