திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்: ‘எஸ்கேப் டைம்அவுட்’

மண்டபத்திலிருந்து:
வணக்கம். வகுப்புக் குறிப்பேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. எங்கள் பிள்ளைகள் சென்னை சர்வரில் விம் என்ற உரைத்தொகுப்பியைத் திறந்து எழுதுகிறார்கள்; காற்று வலுத்தால் இணைப்பு நொண்டும். மேல் அம்புக்குறியைத் தட்டினால் எஸ்கேப், ஓ, ஏ என மூன்று பைட்டுகள் போகின்றன. எஸ்கேப் மட்டும் முந்திக்கொண்டால், விம் அதைத் தனி எஸ்கேப்பாக, அதாவது ‘எழுதுவதை நிறுத்து, இனி வருவது கட்டளை’ என்று எடுத்துக்கொள்கிறது; பின்தங்கி வரும் ‘ஓ’வைக் கட்டளையாகக் கொண்டு மேலே புது வரி திறந்து, அதில் ‘ஏ’ எழுதிவைக்கிறது. பிள்ளைகள் விசைப்பலகையைத் திட்டுகிறார்கள். எஸ்கேப்புக்குப் பின் மற்ற பைட்டுகள் வருகின்றனவா என்று விம் எவ்வளவு நேரம் பார்ப்பது என்ற அளவை (நான் வைத்தது 100 மில்லிநொடி) ‘காத்திருப்பு நேரம்’ என்றேன். போதுமா?

கீழக்கரையிலிருந்து:
காத்திருப்பது மருத்துவமனையில். இது சந்தி. எஸ்கேப் நிலைமொழி, மற்றவை வருமொழி. ஆகவே ‘புணர்பொழுது’. தவிர, ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்ற தொல்காப்பியருக்கு நொடி விரல் நொடிப்பு, விநாடி அல்ல. மில்லிநொடியே பிழை. கடை நொடித்துப்போவதும் இதே வேரா என்று பத்து வருடமாகத் தேடுகிறேன்.

மண்டபத்திலிருந்து:
பதினாறு வயதுப் பிள்ளைகள் முன் ‘புணர்பொழுது’ என்று கரும்பலகையில் எழுத என்னால் ஆகாது, ஐயா.

தொண்டியிலிருந்து:
‘பொறுநேரம்’. ஊறுகாய் போல வினைத்தொகை. பாம்பனில் தூக்குப்பாலம் இறங்கும்வரை ரயில் நிற்கிறதே, அது.

கீழக்கரையிலிருந்து:
உவமை பிழை. பாலம் இறங்கும் என்று ரயிலுக்குத் தெரியும். எஸ்கேப்புக்குப் பின் யாராவது வருகிறார்களா என்பதே இங்கே தெரியாது. பொறுத்தல் என்றால் சகித்தல். பொறையுடைமை அதிகாரத்தில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

தொண்டியிலிருந்து:
‘கொஞ்சம் பொறு, வலை வரட்டும்’ என்று கரையில் கேட்டதே இல்லையா?

தேவிபட்டினத்திலிருந்து:
‘டைம்அவுட்’ என்றே எழுதினால் என்ன?

ராமேஸ்வரத்திலிருந்து:
‘பொறுநேரம்’ எனக்குச் சரி. ஆனால் அளவைக் கூட்டினால் உண்மையான எஸ்கேப்பே மந்தமாகும். குறைத்தால் அம்புக்குறி உடையும். இதையும் சேருங்கள். இடையில் டிமக்ஸ் (ஒரே முனையத்தில் பல அமர்வுகளை வைத்திருக்கும் நிரல்) இருந்தால் அதற்கும் தனியாக ஒரு பொறுநேரம் உண்டு. அதை மறந்துவிட்டு விம்மைக் குறைசொல்பவர்களே அதிகம்.

மண்டபத்திலிருந்து:
‘பொறுநேரம்’ அச்சுக்குப் போய்விட்டது. தேவிபட்டினத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எனக்கும் துணிவில்லை. அளவை 400 ஆக்கினேன். அம்புக்குறி இப்போது உடைவதில்லை. எஸ்கேப்பை அழுத்திய பிள்ளைகள் ‘வேலை செய்யவில்லை’ என்று இன்னொரு முறை அழுத்துகிறார்கள்.

கீழக்கரையிலிருந்து:
என் மறுப்பைக் குறித்துவையுங்கள். நொடி பற்றிய மடல் நாளை.