பி.எம்.ஐ. கூடினால் கைப்பிடி வலுவும் கூடுமா? 18–25 வயதுப் பெண்கள்

கேள்வி (பிசியோ மாணவி):
இறுதியாண்டு ஆய்வுக்காக 60 கல்லூரிப் பெண்களின் பிடிவலுவை ஜாமர் டைனமோமீட்டரில் (கையால் அழுத்தும் வலுவைக் காட்டும் கருவி) எடுத்தேன். பி.எம்.ஐ.யோடு (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) ஒப்பிட்டால் பியர்சன் r (இரண்டு அளவுகள் நேர்கோட்டில் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்) கிட்டத்தட்ட சுழியம். எடை கூடக் கூட வலுவும் கூடும் என்றுதான் எதிர்பார்த்தேன். பிழை அளவீட்டிலா, கணக்கிலா? எல்லோரும் நின்றபடி, வலக்கையால் ஒரே ஒரு முறை அழுத்தினார்கள். கருவியின் கைப்பிடி (அதன் அகலத்தை மாற்றி வைக்கலாம்) மூன்றாவது நிலையில் இருந்தது.

முன்கை (பதில் சொல்பவரின் புனைபெயர்):
முதலில் அளவீடு. ஜாமரின் ஐந்து நிலைகளில் வழக்கமாக எடுப்பது இரண்டாவதை. மூன்றாவதில் வைத்தால் சிறிய கைக்காரர்களுக்கு விரல் நுனிதான் எட்டும், எண் இறங்கிவிடும். அப்போது நீங்கள் அளந்தது வலுவையா, கை நீளத்தையா என்று பிரிக்கவே முடியாது.

உட்கார வைத்து எடுங்கள். பாதங்கள் தரையில், மேற்கை உடலோடு ஒட்டி, முழங்கை 90 பாகை, கட்டைவிரல் மேலே பார்த்தபடி முன்கை, மணிக்கட்டு 0 முதல் 30 பாகை வரை பின்னால் நிமிர்ந்து. மணிக்கட்டைத்தான் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் முழுக்க மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், பிடி தளர்ந்துவிடும். விரல்களை மடக்கும் தசைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் மேற்கொண்டு இழுக்க அவற்றுக்கு இடமில்லை.

ஒரு முறை போதவே போதாது. ஒவ்வொரு கையிலும் மூன்று முறை, 3–5 விநாடி அழுத்தம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு, பிறகு சராசரி. பிடி கையில் அசையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். தெரியாதவர்கள் கருவி வேலை செய்யவில்லை என்று பாதியில் விட்டுவிடுவார்கள். உச்சத்தைக் காட்டி நிற்கும் முள்ளை ஒவ்வொரு முறையும் சுழியத்துக்குத் திருப்புங்கள். மறந்தால், அடுத்த முயற்சி பலவீனமாக இருந்தாலும் பழைய எண்ணே நிற்கும். மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். நீண்ட நகம் உள்ளங்கையில் குத்துவதால் முழு பலத்தையும் போடாதவர்களும் உண்டு, அதைக் குறித்து வையுங்கள்.

தராசு (இன்னொருவரின் புனைபெயர்):
அளவீடு சரியானாலும் r பெரிதாக ஏறாமல் போகலாம். உயரமும் கை அளவும் பிடிவலுவோடு சேர்ந்து போகிறவை, பி.எம்.ஐ.யோ உயரத்தை வகுத்துக் கழித்துவிடுகிறது. 150 செ.மீ. உயரமும் 47 கிலோவும் உள்ளவருக்கும், 165 செ.மீ. உயரமும் 57 கிலோவும் உள்ளவருக்கும் பி.எம்.ஐ. 21தான். இருவருக்கும் ஒரே வலு இருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

தவிர, பி.எம்.ஐ.க்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். ஒல்லியானவர்களிடம் எடை ஏறும்போது தசையும் சேர்ந்தால் வலு கூடும். அதற்கு மேல் ஏறுவது கொழுப்பாக இருந்தால் எடை ஏறும், பிடி அப்படியே நிற்கும். வளைந்த உறவை நேர்கோட்டால் அளந்தால் r சிறிதாக வருவதில் வியப்பில்லை. முதலில் சிதறல் வரைபடம் போட்டுப் பாருங்கள். பிறகு உயரம், எடை, கை நீளம் (மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை), முன்கையின் பருத்த இடத்துச் சுற்றளவு ஆகியவற்றைத் தனித்தனி மாறிகளாக வைத்துப் பன்மாறிப் பகுப்பாய்வு (ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்துக் காட்டும் கணக்கு) செய்யுங்கள்.

எடைக்கேற்ற வலுவையும் சொல்லலாம். 45 கிலோ எடையில் 24 கிலோ பிடி என்றால் 0.53, 75 கிலோ எடையில் 28 கிலோ என்றால் 0.37. ஆனால் இந்த விகிதத்தை பி.எம்.ஐ.யோடு ஒப்பிட்டு "எதிர்மறைத் தொடர்பு" என்று எழுதிவிடாதீர்கள். எடை இந்த விகிதத்தில் கீழே வகுக்கும் எண்ணாகவும், பி.எம்.ஐ.யில் மேலேயும் இருக்கிறது. அந்தத் தொடர்பில் பெரும்பகுதியைக் கணக்கே உண்டாக்கிவிடும்.

பிசியோ மாணவி:
மிக்க நன்றி, இரண்டாம் நிலையில் மீண்டும் எடுக்கிறேன். பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே உள்ள சிலருக்குப் பிடி 18 கிலோவைத் தாண்டவில்லை. தசைக்குறைவு என்று எழுதலாமா?

முன்கை:
வேண்டாம். பெண்களுக்கு 18 கிலோ என்ற எல்லை 2019-இல் ஆசியத் தசையிழப்புப் பணிக்குழு (AWGS) முதியோரின் தசையிழப்பைக் (சார்கோபீனியா) கண்டறிய வைத்தது. இருபது வயதில் அதை நோய்ப் பெயராக ஒட்டக் கூடாது. "குறைந்த பிடிவலு" என்று மட்டும் எழுதுங்கள். வேறொரு நாளில் மறுபடி அளந்தும் அதே எண் வந்தால், உணவைக் குறைக்கிறார்களா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று தனியே கேட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உடல் எடையைக் கூட்டச் சொல்வது மட்டும் போதாது. புரதத்தோடு, வாரம் இரண்டு மூன்று நாள் எடைப்பயிற்சியும் வேண்டும். இரு கைகளிலும் எடை தூக்கிக்கொண்டு 20–30 விநாடி நடப்பதை மூன்று முறை செய்வது நல்ல தொடக்கம். பிடி நழுவாமல் முழு நேரமும் நடக்க முடிந்த பிறகே தூக்கும் எடையைக் கூட்டுங்கள்.