கழிமுகத்தின் உள்ளே அமைந்த மணற்கரைகள்: கண்டதும் அறிந்ததும்

பெருங்கடலின் அலை எட்டாத கழிமுகக் கரைகளில் தாம் கண்டவற்றைப் பலரும் இங்கே எழுதி வருவதால், அக்கரைகளின் வடிவத்தைப் பற்றி நானும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நீர் வற்றிய வேளையில் பார்த்தால் கரை இரு பகுதிகளாகத் தெரியும். மேலே, சில மீட்டர் அகலமே உள்ள, சட்டென்று இறங்கும் மணற்சரிவு. அதன் அடியிலிருந்து நீரை நோக்கி நீளும், ஏறக்குறையச் சமதளமான திட்டு. இரண்டும் கூடும் இடம் கோடு கிழித்தாற்போல் இருக்கும். வெறுங்காலுடன் இறங்கினால், கால் புதையும் பருமணல் ஓரடியில் முடிந்து, சேறு கலந்த இறுகிய தரை தட்டுப்படும்.

திறந்த கடற்கரைக்கு வரும் நீள் அலைகள் வெகு தொலைவில் பிறந்தவை. அவற்றின் முகடுகளுக்கு இடையே 10 நொடிக்கு மேலும் ஆகலாம். கழிமுகத்தினுள் எழும் அலையை அங்கேயே வீசும் காற்றுதான் எழுப்புகிறது; எதிர்க்கரை வரையுள்ள நீர்ப்பரப்பு எவ்வளவு நீளமோ அந்த அளவுக்கே அது வளர முடியும். அடுத்தடுத்து வரும் இச்சிற்றலைகள் கரையை ஒட்டிய பிறகே உடைவதால், ஓதம் (கடல்நீர் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) உயர்ந்திருக்கும்போது மட்டும் மேற்சரிவை அரிக்கின்றன. நீர் வடிந்தபின் ஆழமற்ற திட்டிலேயே வலுவிழந்துவிடுகின்றன.

பலத்த காற்று ஓய்ந்த மறுநாள் அச்சரிவில் கையால் தோண்டிப் பார்த்திருக்கிறேன். மேலே சில விரற்கடை அளவுக்கு வெளிறிய, தளர்ந்த மணல். அதன் கீழே கருத்து இறுகி, அழுகல் வாடை வீசும் மணல். அத்தனை காற்றிலும் அலை அந்த அடுக்கைத் தொடவே இல்லை.

நீர் அமைதியாக இருப்பதால் இக்கரைகளுக்கு ஆபத்தில்லை என்று எண்ணுவது சரியன்று. திறந்த கரையில் புயல் கொண்டுபோன மணலின் பெரும்பகுதியை நீள் அலைகள் பின்னர் மெல்ல மெல்லத் திருப்பித் தருகின்றன. இங்கே அத்தகைய அலை இல்லாததால், இழந்த மணல் மீள்வது மிக அரிது. கரை தன் சரிவு மாறாமலே நிலத்தை நோக்கிப் பின்வாங்குகிறது. அரிக்கப்படும் மண்மேடுகளே பல இடங்களில் இக்கரைகளுக்கு மணல் தருகின்றன என்பதால், அம்மேடுகளின் முன் சுவர் எழுப்புவது கரையைப் பட்டினி போடுவதாகும்.

மறுமொழி:

ஐயா, தாங்கள் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் பார்த்தவை எல்லாம் துண்டு துண்டான கரைகள். ஒரு பாறை மூக்கோ, சதுப்புப் புல்திட்டோ, விழுந்து கிடக்கும் மரமோகூட மணலின் ஓட்டத்தை மறித்துவிடுகிறது. அதன் ஒரு பக்கத்தில் மணல் சேர, மறுபக்கம் மெலிகிறது. காற்றின் திசை மாறும்போது மணல் மறுமுனைக்கு நகர்வதையும் கண்டிருக்கிறேன். இவ்வளவு குறுகிய கரையை நம்பி வாழும் உயிர்களும் உண்டு. அமெரிக்காவின் டெலாவேர் விரிகுடாவில், மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதத்தின்போது குதிரைலாட நண்டுகள் கூட்டங்கூட்டமாக ஏறிவந்து முட்டையிடுவது இத்தகைய மணற்சரிவில்தான். காற்றோட்டமற்ற சேற்றில் அம்முட்டைகள் பொரிவது கடினம்.