யாரும் தொடாமலே முட்டி போனது: உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளிக் கடற்கரை:
கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் எங்களோடு பழகிய கபடிப் பையன் ஒருவன், ரெய்டு போய்த் திரும்பும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். யாரும் அவனைத் தொடவே இல்லை. ஸ்கேனில் ஜவ்வு கிழிந்திருந்தது. திருஷ்டி என்றார்கள், மேட் வழுக்கியது என்றார்கள். அவனுடைய பழைய வீடியோக்களைப் பார்த்த பிசியோ வேறு சொன்னார்: வேகத்தில் திசை மாறும்போது காலை விறைப்பாக ஊன்றுகிறான், உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, முட்டி உள்பக்கம் சரிகிறது. இடுப்பும் முட்டியும் மடங்கினால் தொடைத் தசையும் பிட்டத் தசையும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மடங்காவிட்டால் பாரம் ஜவ்வு மேல்தான். பெரிய லீக் ஆட்டக்காரர்களுக்கும் ஏ.சி.எல். என்னும் முட்டி ஜவ்வு பெரும்பாலும் நேரடி மோதல் இல்லாமல்தான் கிழிகிறதாம். நம் ஊர்ப் பயிற்சியில் பிடியும் பலமும்தான் பேச்சு. கால் ஊன்றுவதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

லாஸ்பேட்டை பவுலர்:
அண்ணா, வேகப்பந்திலும் இதே கதைதான். துத்திப்பட்டில் ஆட்டம் பார்க்கப் போனால் என் கண் பவுலரின் தோள் மேல்தான் இருக்கும். பின்கால் ஊன்றும்போது இடுப்பு ஒரு பக்கம், தோள் இன்னொரு பக்கம் என்று முறுக்கிக்கொண்டால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் வரும் அபாயம் கூடும். வலதுகை பவுலருக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் வலிக்கும். என்னோடு வலையில் வீசும் தம்பி பின்னால் வளையும்போது அந்த இடத்தில்தான் வலிக்கிறது என்றான். அன்றே பந்தை வாங்கி வைத்துவிட்டு டாக்டரிடம் அனுப்பினோம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973-ல் முதுகில் விரிசல். மீண்டு வந்து பல வருடம் வீசினார், 1987-ல் தொடங்கிய சென்னை எம்.ஆர்.எஃப். பயிற்சி மையத்தில் நம் பையன்களின் பந்து வீசும் ஆக்‌ஷனையும் சீர்படுத்தினார். ஆனால் பும்ராவுக்கு முதுகு போனபோது எல்லாரும் அவர் ஆக்‌ஷனை மட்டும் குறை சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தனை ஓவர், நடுவில் எவ்வளவு ஓய்வு என்பதும் அதே அளவு முக்கியம்.

வெள்ளிக் கடற்கரை:
சரி தம்பி. எங்கள் பையனுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, மார்கழிப் போட்டிக்கு வரத் துடிக்கிறான். விடலாமா?

உப்பளம் கால்பந்து:
விடாதீங்க சார். ஒன்பது மாதம் ஆகும் முன் இறங்கினால் மறுபடி அடிபடும் வாய்ப்பு கூடுகிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக்காலில் தாவி இறங்கச் சொல்லி இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பெண்கள் அணி ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ வார்ம் அப் செய்கிறது, 20 நிமிஷம்தான். 2008-ல் வெளியான நார்வே ஆய்வில் அதைச் செய்த பெண்களுக்குக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. தாவி இறங்குவது, திரும்புவது எல்லாம் அதில் இருக்கிறது. கபடிக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.